அழைக்காமல் வந்தவர்களின் ஒரு மணி நேரம்

எடின்பரோவுக்கு ஆகஸ்ட் மாதம் நாடகம் பார்க்கப் போகிறவரை முதலில் குழப்புவது அந்த ஊரின் வரைபடம். ஜார்ஜ் நான்காம் பாலம் என்கிற தெருவும் கௌகேட் என்கிற தெருவும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதாக அதில் தெரியும். அங்கே போய் நின்றால் கௌகேட்டைக் காணோம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து பார்த்தால், பல மாடி ஆழத்தில், கட்டடங்களுக்கு நடுவே ஒரு தெரு போய்க்கொண்டிருக்கும். அதுதான். நாம் நிற்பது பாலத்தின் மேல், நாடகம் கீழே. தொடங்க இன்னும் ஆறு நிமிடம். இறங்கும் படிக்கட்டு எந்தச் சந்துக்குள் இருக்கிறது என்று தேட வேண்டும். நாடகம் ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலான அரங்குகளில் கதவு மறுபடி திறக்காது.

மூச்சிரைக்க இறங்கிப் போனால் அண்டர்பெல்லி. மத்திய நூலகத்தின் அடியில் இருக்கும் பழைய கல் நிலவறைகள் அவை. வளைந்த கூரை, ஈரக்கல் வாசனை, கறுப்புத் துணி, இடம் விடாமல் நெருக்கிப் போட்ட இருக்கைகள். 2013 ஆகஸ்டில் இங்கே ஃபீபி வாலர்-பிரிட்ஜ் என்ற நடிகை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உடன் நடிக்க யாரும் இல்லாமல், ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். 'ஃப்ளீபேக்' என்பது அந்த நாடகம். பின்னாளில் அது தொலைக்காட்சித் தொடராக உலகம் முழுக்கப் போனது. அன்று அது ஒரு நிலவறை, ஒரு நாற்காலி, ஒரு பெண், அவ்வளவே.

ஏன் ஒரு மணி நேரம்? ஏன் ஒரே நடிகர்? ஏன் நாற்காலியைத் தவிர மேடையில் ஒன்றும் இல்லை? கலைஞரின் அழகியல் விருப்பம் என்று பதில் சொல்லிவிடலாம், பாதி உண்மைதான். மீதிப் பாதி, இந்த நாடகங்கள் நடக்கும் ஆகஸ்ட் விழா எப்படிப் பிறந்தது, எதன் மேல் நிற்கிறது என்பதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போகிறவர் பார்க்கும் நாடகமும் தெரியாமல் போகிறவர் பார்க்கும் நாடகமும் வேறு வேறு என்றே நான் நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1947. போர் முடிந்து இரண்டே ஆண்டு. பிரிட்டனில் உணவுக்கு இன்னும் ரேஷன். அந்த நிலையில் எடின்பரோவில் சர்வதேசக் கலைவிழா ஒன்று தொடங்கப்பட்டது. முன்னின்று நடத்தியவர் ருடால்ஃப் பிங். வியன்னாவில் பிறந்தவர், நாஜிகளின் எழுச்சிக்குப் பிறகு இங்கிலாந்துக்கு வந்து ஆப்ரா நிர்வாகத்தில் பெயர் எடுத்தவர். வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவும், போருக்கு முன்பு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த யூத இசை நடத்துநர் புரூனோ வால்ட்டரும் அங்கேதான் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள். மனம் நெகிழும் காட்சியாகத்தான் அது இருந்திருக்கும். ஆனால் ஸ்காட்லாந்தின் தலைநகரில் நடந்த அந்த விழாவின் நிகழ்ச்சி நிரலில் ஸ்காட்லாந்து நாடகம் என்று ஒன்றுகூட இல்லை.

அந்த ஆகஸ்டில் எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமல் வந்து சேர்ந்தன. ஆறு ஸ்காட்லாந்துக் குழுக்கள், இரண்டு இங்கிலாந்துக் குழுக்கள். கிளாஸ்கோ யூனிட்டி தியேட்டர் என்ற, உழைக்கும் மக்கள் மத்தியில் வேரூன்றிய குழு மாக்சிம் கார்க்கியின் நாடகத்தை எடுத்துக்கொண்டு வந்தது. ஒரு குழு, கடற்கழிக்கு அந்தப் பக்கம் டன்ஃபர்ம்லின் என்ற ஊரின் பழைய மடாலயத் தேவாலயத்தில் ஓர் இடைக்கால ஒழுக்க நாடகத்தைப் போட்டது. கூட்டம் வந்திருக்கிறது, பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், ஊரே கலை பேசிக்கொண்டிருக்கிறது. நாமும் போய் ஒரு மூலையில் கடை விரிப்போம் என்பதே அவர்கள் கணக்கு. திருவிழாத் தேர் ஓடும் வீதியில் வளையல் கடை போடுகிறவர் யாரிடமும் அழைப்பிதழ் வாங்கிக்கொண்டு வருவதில்லை.

அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற ஸ்காட்லாந்து நாடகாசிரியர் பத்திரிகையில் எழுதும்போது, அதிகாரபூர்வ விழாவின் விளிம்பில் நடக்கும் இந்த நாடகங்களுக்கு 'ஃப்ரிஞ்ச்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். துணியின் ஓரத்தில் தொங்கும் நூல்குஞ்சத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சேலை முந்தானையில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுகிறோமே, அது. கெம்பைப் பற்றி இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். அதே 1948-இல்தான் அதிகாரபூர்வ விழா, முந்தைய ஆண்டின் குறையைத் தீர்க்க, 16-ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து நாடகம் ஒன்றை டைரோன் கத்ரியின் இயக்கத்தில் பெரிய அளவில் மேடையேற்றியது. அதற்கு மேடை வடிவம் எழுதிக் கொடுத்தவர் இதே கெம்ப். ஓரத்துக்குப் பெயர் வைத்தவரின் எழுத்து அந்த ஆண்டு நடுமேடையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே மதில் எழுப்ப அவருக்கு நோக்கம் இருந்ததில்லை.

வந்தவர்கள் ஆண்டுதோறும் வந்தார்கள், எண்ணிக்கை பெருகியது. 1958-இல் அவர்களுக்காக ஒரு சங்கம் அமைந்தது. டிக்கெட் விற்பது, நிகழ்ச்சி நூல் அச்சிடுவது, வழிகாட்டுவது அதன் வேலை. எந்த நாடகத்தை அனுமதிப்பது, எதை மறுப்பது என்ற வேலையை மட்டும் அந்தச் சங்கம் எடுத்துக்கொள்ளவே கூடாது என்று அமைப்பு விதியிலேயே எழுதிக்கொண்டார்கள். இடம் பிடித்து, பதிவுக் கட்டணம் கட்டிவிட்டால் நிகழ்ச்சி நூலில் பெயர் வரும். பரிந்துரை வேண்டாம், தேர்வுக்குழு இல்லை, பிரதியை யாரும் வாங்கிப் படிக்க மாட்டார்கள். இன்றுவரை அப்படித்தான்.

இங்கே ஒரு சிறு திருத்தம் சொல்லியாக வேண்டும். சங்கம் தணிக்கை செய்யவில்லை என்றாலும் அரசு செய்துகொண்டிருந்தது. 1968 வரை பிரிட்டனில் பொதுமேடை ஏறும் எந்தப் புது நாடகத்துக்கும் லார்டு சேம்பர்லைன் என்ற அரண்மனை அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். 1876-இல் இந்தியாவில் நாடகங்களைத் தடைசெய்ய ஒரு சட்டம் கொண்டுவந்த அதே அரசின் பழக்கம்தான். 1963-இல் எடின்பரோ பழைய நகரின் ஒரு குறுகிய கட்டடத்தில் தொடங்கிய டிராவர்ஸ் தியேட்டர், உறுப்பினர்களுக்கு மட்டுமான மன்றமாகத் தன்னை வைத்துக்கொண்டது; மன்றத்துக்குள் நடப்பவற்றில் தணிக்கையின் பிடி தளர்ந்திருந்தது. புது நாடகாசிரியர்களுக்கான வீடாக அந்த அரங்கம் இன்றும், வேறு கட்டடத்தில், ஆண்டு முழுவதும் இயங்குகிறது.

தேர்ந்தெடுக்க ஆளில்லை என்பதன் முதல் விளைவு, அளவு. பெருந்தொற்றுக்கு முந்தைய 2019-இல் 3,841 நிகழ்ச்சிகள், 323 இடங்களில், 63 நாடுகளிலிருந்து. விற்ற டிக்கெட் 30 லட்சத்துக்கு மேல். ஊரின் மக்கள்தொகையோ ஐந்து லட்சத்தைச் சுற்றித்தான். நாளைக்கு ஐந்து நிகழ்ச்சி வீதம் 25 நாளும் ஓய்வில்லாமல் பார்க்கும் ஒருவர் 125 பார்த்திருப்பார். மொத்தத்தில் நூற்றுக்கு மூன்றைச் சற்றே தாண்டிய பங்கு. ஆக, இந்த விழாவை முழுதாகப் பார்த்தவர் என்று எவரும் கிடையாது. நிகழ்ச்சிகளில் பாதிகூட நாடகம் அல்ல. 2008-இல் நகைச்சுவைப் பேச்சு நாடகத்தை எண்ணிக்கையில் முந்திவிட்டது. நடனம், சர்க்கஸ், இசை எல்லாம் உண்டு. நான் பேசுவது நாடகத்தைப் பற்றி மட்டும்; அதிலும், பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், நாலைந்து பேர் சேர்ந்து, தாங்களே எழுதி, தாங்களே கடன் வாங்கிக் கொண்டுவரும் சுயாதீன நாடகத்தைப் பற்றி.

இரண்டாவது விளைவு, இடம். இத்தனை பேருக்கு அரங்கம் எந்த ஊரில் இருக்கும்? தேவாலயக் கூடம், கல்லூரி வகுப்பறை, மதுக்கடையின் மாடி, ஹோட்டலின் கூட்ட அறை எல்லாம் ஆகஸ்டில் அரங்கமாகின்றன. சம்மர்ஹால் என்ற வளாகம் ஒரு காலத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி. பிணமறுத்துப் பாடம் நடத்திய கூடம் அங்கே அப்படியே இருக்கிறது: செங்குத்தாக அடுக்கிய மர இருக்கைகள், எல்லாப் பார்வையும் கீழே ஒரே புள்ளியில் போய் விழும். மாணவர்கள் குனிந்து பார்த்த இடத்தில் இப்போது ஒரு நடிகை நிற்கிறார். தன் அம்மாவின் நோயைப் பற்றி அவர் பேசும் நாடகமாக இருந்தால், அந்தக் கூடம் சொல்லித் தருவதை எந்தச் செட்டும் சொல்லித் தராது. அதே வளாகத்தின் முற்றத்தில் பல ஆகஸ்டுகளில் பெயின்ஸ் ப்ளவ் குழுவினர் 'ரவுண்டபவுட்' என்ற வட்ட அரங்கைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 170 பேர் அளவுக்கு உட்காரலாம். நடிகரைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பின்னால், எதிர்வரிசையில் இருப்பவர்களின் முகங்களும் தெரியும். 2019-இல் ரிச்சர்டு காட் தன்னைத் துரத்தி வந்த ஒரு பெண்ணைப் பற்றிய 'பேபி ரெய்ண்டியர்' என்ற ஓராள் நாடகத்தை அந்த வட்டத்துக்குள் நின்றுதான் நடித்தார். ஐந்து ஆண்டு கழித்து அதைத் தொடராகப் பார்த்தவர்கள் தனித்தனி வீடுகளில் திரைக்கு முன்னால் இருந்தார்கள். அன்று பார்த்தவர்களுக்கோ, தாங்கள் அதிர்வதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வும் நாடகத்தின் பகுதியாகிவிட்டது.

மூன்றாவது விளைவுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது: அறைகளை மணிக்கணக்கில் பங்கு போட வேண்டிய நிலை. காலை பத்து, பதினோரு மணிக்குத் திறக்கும் ஓர் அறையில் நள்ளிரவுக்குள் எட்டு, பத்து நிகழ்ச்சிகள் நடக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மணி நேரத்தை ஒட்டிய காட்சி. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க இருக்கும் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் முதல் குழு தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறி, பார்வையாளர்கள் வெளியேறி, இரண்டாவது குழு தன் சாமான்களை வைத்து, புதுப் பார்வையாளர்கள் உட்கார்ந்துவிட வேண்டும். விளக்குகள் அறைக்குச் சொந்தம். எல்லாக் குழுக்களும் அதே விளக்குகளைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. விளக்கு, ஒலி பார்த்துக்கொள்ள விழாவுக்கு முன்னால் ஒரே ஒரு ஒத்திகை, அதுவும் சில மணி நேரம்.

இப்போது ஒரு நாடகாசிரியரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். இடைவேளை கிடையாது. மேடைப்பொருள் ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும். நிதானமாகக் கதைக்குள் இறங்கலாம் என்றால் அறுபதில் பதினைந்து நிமிடம் போய்விடும். ஆகவே முதல் வாக்கியத்திலேயே நாம் நடுவில் நிற்கிறோம். கூட ஒரு நடிகர் என்றால் இன்னொரு ரயில் டிக்கெட், இன்னொரு படுக்கை. ஆகவே அந்த ஒருவரே அம்மாவாகவும் மேலதிகாரியாகவும் பேருந்து நடத்துநராகவும் குரல் மாற்றுகிறார். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களை இல்லாதவர்களாகப் பாவிக்க முடியாது; ஆகவே நேராக நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். சன்னல், கதவு, மழை எல்லாவற்றையும் ஒலிப்பதிவும் உடம்பும் செய்கின்றன. நம்மிடம் நேராகப் பேசும், அலங்காரமில்லாத, ஒரே மூச்சில் ஓடும் இந்த வடிவத்தைப் பலர் 'ஃப்ரிஞ்ச் பாணி' என்கிறார்கள். வாடகைக் கணக்கிலிருந்து பிறந்த பாணி அது. நெருக்கடியில் பிறந்ததால் அது குறைந்ததாகிவிடாது. வெண்பாவின் தளைக்கு உட்பட்டு நல்ல கவிதை எழுதியவர்களைப் படித்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வடிவத்துக்குள் வர முடியாத கதைகளும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் எஸ். சக்திதரன் எழுதிய 'கவுண்ட்டிங் அண்ட் கிராக்கிங்' எடின்பரோவுக்கு வந்தது. கொழும்பிலிருந்து சிட்னிவரை, 1956 முதல் 2004 வரை, ஒரு தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. மேடையில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒலித்தன. பத்தொன்பது கலைஞர்கள், மூன்று மணி நேரத்துக்கும் மேல். அதை வரவழைத்து ராயல் லைசியம் தியேட்டரில் நடத்தியது ஃப்ரிஞ்ச் அல்ல, 1947-இல் பிங் தொடங்கிவைத்த அதே அதிகாரபூர்வ விழா. அப்படி ஒரு நாடகத்தை அறுபது நிமிட அறைக்குள் எந்தக் குழுவாலும் கொண்டுவந்திருக்க முடியாது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது உண்மை. அந்தக் கதவின் அகலத்துக்கு ஏற்ற கதைதான் அதன் வழியாக வர முடியும் என்பதும் உண்மை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை, முறை அங்கே வழக்கத்தில் உள்ளது. அறுபது இருக்கை உள்ள அறை, டிக்கெட் 12 பவுண்டு. வசூலில் குழுவுக்கு 60 சதவீதம், அரங்குக்காரருக்கு 40 சதவீதம். ஆனால் கூட்டம் வராவிட்டாலும் அரங்குக்காரருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஓர் உறுதித்தொகை உண்டு. காட்சிக்கு 115 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இருபது பேர் வந்தால் வசூல் 240; அரங்குக்காரருக்கு 115 போக, குழுவின் கையில் 125. மாதத்தில் 24 காட்சி என்றால் 3,000 பவுண்டு. வரியை நான் இதில் சேர்க்கவே இல்லை. இந்த மூவாயிரத்தில் நாலு பேரின் பயணம், பதிவுக் கட்டணம், நோட்டீஸ், சுவரொட்டி, விளக்கு இயக்குகிறவரின் சம்பளம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆகஸ்ட் மாதத்து எடின்பரோவின் வீட்டு வாடகை. விழாவுக்காகவே வாடகை ஏறும் மாதம் அது. கணக்கு நேராகாது, பெரும்பாலான குழுக்கள் கைக்காசை இழந்துதான் ஊர் திரும்புகின்றன.

தேர்வுக்குழு இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் விழாவில் இப்படி ஒரு தேர்வாளர் வாசலில் நிற்கிறார். சேமிப்பு உள்ளவர், பெற்றோரிடம் கேட்க முடிந்தவர், ஒரு மாத வேலையை விட முடிந்தவர் உள்ளே போகிறார். மற்றவர் வருவதே இல்லை. அவர் வராததை நாம் கவனிப்பதும் இல்லை. எனக்கு இந்த விழாவின் மேல் உள்ள ஒரே பெரிய வருத்தம் இது. இதை உணர்ந்த சிலர் மாற்று வழி செய்திருக்கிறார்கள். 1996-இல் பீட்டர் பக்லி ஹில் தொடங்கிய 'ஃப்ரீ ஃப்ரிஞ்ச்' முறையில் குழு அறைக்கு வாடகை தருவதில்லை, பார்வையாளர் டிக்கெட் வாங்குவதில்லை. முடிந்ததும் வாசலில் வாளி பிடிப்பார்கள், மனம் உள்ளதைப் போடலாம். நகைச்சுவைக்குப் பொருந்திய அளவு அது நாடகத்துக்குப் பொருந்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மதுக்கடை இரைந்துகொண்டிருந்தால் மௌனம் வேண்டிய காட்சி நிற்காது.

இன்னொரு தேர்வும் நடக்கிறது. சங்கம் தேர்ந்தெடுப்பதில்லை, அறையை வைத்திருப்பவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். டிராவர்ஸ் தன் மேடைக்கு வரும் நாடகங்களைத் தானே பொறுக்கி எடுக்கிறது. சம்மர்ஹாலுக்குச் சோதனை நாடகங்களின் மேல் ஒரு கண். அசெம்ப்ளி, பிளெசன்ஸ், கில்டட் பலூன், அண்டர்பெல்லி என்ற பெரிய அரங்கத் தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி உண்டு. ஆகவே புதிதாகப் போகிறவர் தடித்த நிகழ்ச்சி நூலை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதைவிட, அறைகளின் குணத்தை அறிந்துகொள்வது மேல். எந்த அறையில் பார்த்த நாடகம் உங்களுக்குப் பிடித்ததோ, அதே அறையில் வேறு நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே போட அனுமதித்த கை ஒன்றுதான்.

தேர்ந்தெடுப்பதற்கு வேறு துணைகளும் இருக்கின்றன. 'த ஸ்காட்ஸ்மன்' நாளிதழ் 1973 முதல் 'ஃப்ரிஞ்ச் ஃபர்ஸ்ட்' என்ற விருதைப் புது நாடகங்களுக்குத் தருகிறது. அதன் கலைப்பகுதி ஆசிரியர் ஆலன் ரைட் தொடங்கியது. விழா நடக்கும்போதே வாரந்தோறும் அறிவிப்பதால், விருது வாங்கிய நாடகத்தைப் போய்ப் பார்க்க நமக்கு நாள் மிச்சமிருக்கும். விமர்சனங்கள் குவியும், நட்சத்திரம் போடுவார்கள், நல்ல விமர்சனம் வந்த மறுநிமிடம் குழுவினர் அந்த நட்சத்திரங்களை அச்சிட்டுச் சுவரொட்டிகளின் மேல் ஒட்டிக்கொண்டு போவார்கள். மழையில் நனைந்த சுவர் முழுக்க நட்சத்திரம். அத்தனையையும் நம்ப முடியாது. ஆனால் விமர்சனம் பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது, 1966-இல் நடந்ததை நினைத்தால்.

அந்த ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு ஒன்று ராயல் மைல் தெருவை ஒட்டிய கிரான்ஸ்டன் தெருக் கூடத்தில் ஒரு புது நாடகத்தைப் போட்டது. ஹாம்லெட்டில் வந்துபோகும் இரண்டு சிறு பாத்திரங்களை நடுவில் வைத்து, அரசர்களை ஓரத்துக்குத் தள்ளிய நாடகம். எழுதியவருக்கு வயது 29, பெயர் டாம் ஸ்டாப்பர்ட். உள்ளூரில் பெரிய வரவேற்பு இல்லை. 'அப்சர்வர்' இதழின் விமர்சகர் ரொனால்டு பிரைடன் அதைப் பார்த்துவிட்டு வியந்து எழுதினார். அதைப் படித்த, லண்டன் நேஷனல் தியேட்டரைச் சேர்ந்த கென்னத் டைனன் பிரதியைக் கேட்டு வாங்க, அடுத்த ஆண்டே 'ரோசன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டெர்ன் ஆர் டெட்' அந்த நேஷனல் தியேட்டரின் மேடையில் இருந்தது. தேவாலயக் கூடம் போன்ற ஓர் அறை, மாணவ நடிகர்கள், அதற்குள் வந்து உட்கார்ந்த ஒரே ஒரு கவனமான பார்வையாளர். தேர்வுக்குழு இல்லாத இடத்தில் அந்த வேலை யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் போய்ச் சேர்கிறது. பிரைடனிடம் பேனா இருந்தது. நம்மிடம் வாய் இருக்கிறது. ஃப்ரிஞ்சில் அதற்கும் பேனா அளவுக்கு மதிப்பு உண்டு. இருபது பேர் பார்த்த நாடகத்துக்கு மறுநாள் நாற்பது பேர் வருவது, அந்த இருபது பேர் வரிசைகளில் நின்று பேசிய பேச்சால்.

ஆகவே அங்கே பார்ப்பது என்பது கொஞ்சம் உழைப்பு. ஐந்து நாள் கையில் இருந்தால் நாளைக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நாலு நாடகம் போதும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே முக்கால் மணியாவது விடுங்கள்; படிக்கட்டுகளுக்கு வேண்டும், அதைவிட, பார்த்தது உள்ளே படிய வேண்டும். காலைக் காட்சியை ஒதுக்காதீர்கள். பகல் ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும், ஞாயிறு தவிர. அதற்கு முன்னால் ஒரு நாடகம் பார்த்து முடித்துவிட்டால் கண் தெளிவாக இருக்கும். பெரிய பெயர்களுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்கலாம், ஆனால் நாளில் ஒரு வேளையைக் காலியாக வைத்திருங்கள். வரிசையில் பக்கத்தில் நிற்கிறவர் சொல்லும் பெயருக்கு அந்த வேளை. முதல் சில நாட்களின் முன்னோட்டக் காட்சிகள் விலை குறைவு; நாடகம் இன்னும் முழுதாக உலர்ந்திருக்காது. கடைசி வாரத்தில் நடிகர்கள் களைத்திருப்பார்கள், ஆனால் இருபது தடவை பேசிய வசனம் எங்கே சிரிப்பு வரும், எங்கே மௌனம் வரும் என்று அறிந்திருக்கும். எனக்கு இரண்டாம் வாரம்தான் உகந்தது என்று படுகிறது.

ராயல் மைலில் நோட்டீஸ் கொடுப்பவர்களைத் தாண்டி ஓடாதீர்கள். கொடுப்பவர் பெரும்பாலும் கூலிக்கு நிற்கிறவர் அல்ல, எழுதியவரோ நடிப்பவரோதான். கல் பாவிய தெரு, தூறல், மேலே நாடக உடை, கையில் ஈரக் காகிதக் கட்டு. வாங்கிக்கொண்டு, "இதில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நிகழ்ச்சி நூலில் சில பத்துச் சொற்களுக்குள் அடக்கிய விளம்பர வாசகம் சொல்லாததை அவர் முகம் சொல்லிவிடும். பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னால் ஒன்று. நின்று, யோசித்து, "என் தாத்தாவைப் பற்றி, இல்லை, தாத்தா சொன்ன பொய்யைப் பற்றி" என்பதுபோல் எதையாவது சொன்னால், அந்த டிக்கெட்டை எடுத்துவிடலாம்.

சில சமயம் உள்ளே போனால் ஏழு பேர் இருப்பார்கள். மேடையிலிருப்பவர்களைவிட முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் குறைவாக இருக்கும் காட்சிகள் ஃப்ரிஞ்சில் அன்றாடம் நடப்பவை. அப்போது பின்வரிசைக்குப் போகத் தோன்றும், போகக் கூடாது. ஏழு பேர் கூட்டத்தில் நம் ஒவ்வொரு அசைவும் நடிகருக்குத் தெரியும். கைபேசியின் வெளிச்சம் முகத்தில் பட்டால் அவர் வாக்கியம் ஒரு கணம் தடுமாறுவதைக் காணலாம். நாம் முன்னால் சாய்ந்து கேட்டால் அவர் குரல் தாழ்கிறது. தாழ்ந்த குரலில்தான் சில உண்மைகள் சொல்ல வரும். நிறைந்த அரங்கில் நாடகம் நடக்கும், நாம் பார்ப்போம். ஏழு பேர் அறையில் நாம் பாதியைச் சுமக்கிறோம். நாடகம் சுமாராகவே இருந்தாலும் அந்த மணி நேரம் வீணாகாது. ஒரு மனிதர் தனக்கு முக்கியமென்று பட்ட ஒன்றை, கடன் வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுவந்து, ஏழு பேர் முன்னால் குறையின்றிச் செய்ததைப் பார்த்திருக்கிறோம்.

முடிந்ததும் கைதட்டல் நீளாது. நேரம் இல்லை. விளக்கு எரிகிறது, அரங்கப் பணியாளர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். நாம் கோட்டைத் தேடி எடுப்பதற்குள், சற்றுமுன் மேடையில் இறந்துபோனவர் எழுந்து ஒரு நாற்காலியை மடக்குகிறார், இன்னொருவர் தரையில் ஒட்டிய டேப்பை உரிக்கிறார். நாலு நிமிடத்தில் அந்த உலகம் ஒரு சூட்கேசுக்குள் போய்விடுகிறது. கௌகேட்டிலிருந்து மேலே ஏறும் படிகளில் அந்தச் சூட்கேசை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மேலே போனதும் அதே ஆடையில் நோட்டீஸ் கொடுக்க நிற்பார்கள், நாளைய காட்சிக்காக.

நாம் அடுத்த வரிசையில் போய்ச் சேர்கிறோம். தூறல் நின்றபாடில்லை. பின்னால் நிற்கும் பெரியவர் குடையை மடக்கிக்கொண்டே கேட்கிறார்: "இப்போது எதைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள்?"